ஒரு சிறிய அனிஷினாபே ஊரில் எத்தனை பேர், எந்தெந்த வயதில்?

கேள்வி இதுதான்: கனடாவில் உள்ள ஒரு சிறிய அனிஷினாபே ஊரின் மக்கள்தொகை எவ்வளவு, வயதுவாரியாக அது எப்படிப் பிரிகிறது? ஓரிடத்தில் சுமார் 300 பேர் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருக்கிறார்கள். வயது விவரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

இரண்டும் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் அவை எண்ணியது வேறு வேறு ஆட்களை. முதல் எண், அந்த மண்ணில் குடியிருப்பவர்கள். இரண்டாவது எண், எங்கே வசித்தாலும் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்று அரசாங்கப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். முதலாவதைக் கனடா புள்ளியியல் துறை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தருகிறது. இரண்டாவது, 'இந்தியன் சட்டம்' என்ற 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பதிவேட்டிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் கலப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். வயதுக் கணக்கில் அந்தக் குழப்பம் இன்னும் மோசமாகும். இரண்டு கணக்கும் வேறுபடுவது மொத்தத்தில் மட்டும் அல்ல. குழந்தைகள் எண்ணிக்கையில் ஒரு விதமாகவும், முதியவர்கள் எண்ணிக்கையில் வேறு விதமாகவும் பிசகும்.

அனிஷினாபே என்பது ஒரே ஊரோ ஒரே குழுவோ அல்ல. ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி, மிசிசாகா, அல்கான்குவின், சோல்டோ எனப் பல மக்களைச் சேர்த்த பெயர் அது. பெரிய ஏரிகளைச் சுற்றி ஒன்டாரியோ, மனிடோபா, கியூபெக், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா வரை பரவியிருக்கிறார்கள். டொராண்டோ பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மிசிசாகா நகரத்தின் பெயரே இந்த மக்களுடையது. கிரெடிட் ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் 1847-இல் ஹேகர்ஸ்வில் அருகே குடிபெயர்ந்தார்கள். அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி இன்றைக்கும் தன் ரிசர்வுக்கு, அதாவது அரசு அதற்கென ஒதுக்கிய நிலத்துக்கு, வெளியேதான் வாழ்கிறது.

ஒரு ஊரை வைத்துப் பேசினால் விஷயம் பிடிபடும். ஷோல் லேக் 40-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஒன்டாரியோ, மனிடோபா எல்லைமீது, கெனோரா நகரத்துக்கு மேற்கே ஏரிக்கரையில் இருக்கும் ஊர். கனடா அரசுக்கும் அனிஷினாபே மக்களுக்கும் இடையே 1873-இல் கையெழுத்தான மூன்றாம் ஒப்பந்தப் பகுதி. வின்னிபெக் நகரம் 1919 முதல் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். அந்தத் திட்டத்துக்காக வெட்டிய கால்வாய் ஊர் இருந்த நிலத்தை மூன்று பக்கம் தண்ணீர் என்ற நிலையிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் என்ற நிலைக்குத் தள்ளியது. 2019 வரை கோடையில் படகு, குளிர்காலத்தில் பனி உறைந்த ஏரிமேல் பாதை, நடுவே ஏரி உறையும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டும் இல்லை. வின்னிபெக்குக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊரிலேயே 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அமலில் இருந்தது. 2019-இல் 24 கிலோமீட்டர் சாலை திறந்தது; 2021 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையம் திறந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஊரின் வயதுப் பட்டியலை எழுதியது இந்தச் சாலையும் தண்ணீரும்தான். சாலை திறந்த காலத்தில் ஊரில் வசித்தோர் சுமார் 300 பேர்; பதிவேட்டில் இருந்தவர்கள் அதன் இரண்டு மடங்குக்கு மேல். வெளியே போனவர்கள் எல்லா வயதிலும் சமமாகப் போகவில்லை. வேலை தேடுபவர்கள், பிள்ளையை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய பெற்றோர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படும் முதியவர்கள் ஆகியோர்தான் முதலில் கெனோராவுக்கோ வின்னிபெக்குக்கோ போவார்கள். ஆகவே ரிசர்வுக்குள் உள்ள வயதுப் பட்டியலும், வெளியே வாழும் உறுப்பினர்களின் வயதுப் பட்டியலும் ஒன்றின் நகலாக மற்றது இருக்க வாய்ப்பே இல்லை. உள்ளே உள்ள 300 பேரின் சதவீதத்தை எடுத்து மொத்த உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கி "65 வயதுக்கு மேல் இத்தனை பேர்" என்று எழுதினால் அது தப்புக் கணக்கு.

இடப்பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கணக்கெடுப்பு நிலத்தை எண்ணுகிறது, பதிவேடு ஆளை எண்ணுகிறது. ஷோல் லேக் 40-இன் நிலம் மாகாண எல்லையின் இரு பக்கமும் இருப்பதால் கணக்கெடுப்பு அட்டவணையில் ஒன்டாரியோவின் கீழ் ஒரு துண்டும் மனிடோபாவின் கீழ் ஒரு துண்டுமாக வரும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஊரே காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்திலேயே ஷோல் லேக் 39 என்று இன்னொரு தனிச் சமூகமும் இருக்கிறது. அதன் எண்ணை இதோடு சேர்த்துவிடுவதும் நடக்கிறது. எந்தச் சமூகத்தைப் பார்த்தாலும் முதலில் அதற்கு எத்தனை ரிசர்வ் நிலங்கள், அவை எந்தெந்தப் பெயரில் அட்டவணையில் உள்ளன என்று குறித்துக்கொண்டு பிறகு கூட்டுங்கள்.

இனி வயது. தேசிய அளவில் தெரிந்த செய்தியிலிருந்து தொடங்கலாம். 2021 கணக்கெடுப்பில் கனடாவின் பூர்வகுடியினர் 18,07,250 பேர், நாட்டு மக்கள்தொகையில் 5 சதவீதம். அவர்களின் சராசரி வயது 33.6, மற்றவர்களுடையது 41.8. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பூர்வகுடியினரில் 25.4 சதவீதம், மற்றவர்களில் 16 சதவீதம். 65-ஐத் தாண்டியவர்கள் பூர்வகுடியினரில் 9.5 சதவீதம். பதிவு பெற்ற முதற்குடியினரில் (இனுவிட், மெட்டி மக்கள் தவிர்த்த பூர்வகுடியினர்) 40.6 சதவீதம் பேர்தான் ரிசர்வில் இருந்தார்கள். சின்ன ஊர் ஒன்றில் பிள்ளைகள் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தெற்கு ஒன்டாரியோவில், நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அனிஷினாபே ஊர்கள் இதைவிட வயதானவையாக இருக்கும். வடக்கே விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஊர்கள் இதைவிட இளமையாக இருக்கும். தேசியச் சராசரியை எடுத்து உங்கள் ஊருக்குப் பொருத்தாதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வயதுக் கோபுரம் என்பது வயதுப் பிரிவுகளை இளையவர் கீழே, முதியவர் மேலே என அடுக்கிய படம். ஒரே ஊருக்குப் பதிவேட்டிலிருந்து ஒன்று, கணக்கெடுப்பிலிருந்து ஒன்று என்று வரைந்து பக்கத்தில் வைத்தால், பதிவேட்டுக் கோபுரத்தின் அடி ஒடுங்கியிருக்கும். பார்த்த உடனே "பிறப்பு குறைந்துவிட்டது" என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலும் அது பிறப்பு பற்றிய செய்தி அல்ல. இரண்டு காரணங்கள் உள்ளன.

முதல் காரணம் தாமதம். குழந்தை பிறந்ததும் பெயர் தானாகப் பதிவேட்டில் ஏறாது. பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பலர் பள்ளிச் சேர்க்கை, பல் வைத்தியம், மருந்துச் செலவு என்று ஏதாவது ஒரு தேவை வரும்போதுதான் விண்ணப்பிக்கிறார்கள். அதனால் பூச்சியம் முதல் நான்கு வயது வரையிலான எண் பதிவேட்டில் எப்போதுமே உண்மையைவிடக் குறைவு. அதே ஆண்டில் பிறந்தவர்களை ஐந்து ஆண்டு கழித்துப் பாருங்கள், எண்ணிக்கை கூடியிருக்கும்! மேல்முனையில் இதற்கு நேர்மாறு: இறப்பைத் தெரிவித்துச் சான்று கொடுத்தால்தான் பெயர் நீங்கும். ஆகவே மிக முதிய வயதில் பதிவேடு சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

இரண்டாவது காரணம் சட்டம். 1985 முதல் பதிவுரிமை, அதாவது அந்தப் பதிவேட்டில் இடம்பெறும் உரிமை, இரண்டு வகையாக இருக்கிறது: பிரிவு 6(1), பிரிவு 6(2). 6(1) உள்ள ஒருவருக்கும் பதிவுரிமை இல்லாத ஒருவருக்கும் பிறக்கும் பிள்ளை 6(2). அந்தப் பிள்ளை வளர்ந்து பதிவுரிமை இல்லாத ஒருவரோடு குடும்பம் நடத்தினால், அவர்கள் பிள்ளைக்குப் பதிவுரிமையே கிடையாது. இரண்டு தலைமுறையில் கதவு மூடிவிடுகிறது. 6(2) உள்ள இருவர் சேர்ந்தால் பிள்ளை மறுபடி 6(1). ஒரு வீட்டில் பாட்டி 6(1), அம்மா 6(2), பேரன் ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். கணக்கெடுப்பில் மூன்று பேர். பதிவேட்டில் இரண்டு பேர். வெட்டு விழுவது எப்போதும் இளையவர் மீது.

முன்னூறு பேர் உள்ள ஊரில் இது ஏன் வேகமாக நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் உறவு. போதாததற்கு அனிஷினாபே மரபில் தந்தை வழியாக வரும் குலம் உண்டு. ஒரே குலத்துக்குள் மணம் செய்வதில்லை. நம்மூரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்காதது போலத்தான். துணையை வெளியே தேடுவது இயல்பு, அந்தத் துணை பதிவுரிமை இல்லாதவராக இருப்பதும் இயல்பு. ஆயிரக்கணக்கில் மக்கள் உள்ள, தூரத்தில் தனித்து இருக்கும் ஊரில் இந்தத் தேய்வு மெதுவாக இருக்கும். நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊரில் சீக்கிரம் தெரியும். சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி சில சமூகங்கள் தங்கள் உறுப்பினர் விதியைத் தாங்களே எழுதிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒருவர் ஊர் உறுப்பினராக இருந்தும் அரசுப் பதிவுரிமை இல்லாதவராக இருக்கலாம். அப்படியானால் உங்களிடம் மூன்று எண்கள்: குடியிருப்பவர், பதிவு பெற்றவர், உறுப்பினர்.

பதிவேட்டின் நடுப்பகுதியில் திடீரென்று ஒரு வீக்கம் தெரிந்தால் அதற்கும் சட்டம்தான் காரணம். 1985-க்கு முன் வெளி ஆணை மணந்த பெண்ணின் பதிவுரிமை பறிக்கப்பட்டது. வெளிப் பெண்ணை மணந்த ஆணுக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பெண்ணுக்கே பதிவுரிமை கிடைத்தது. மனிட்டூலின் தீவின் விக்வெமிகோங்கைச் சேர்ந்த ஜெனட் கோர்பியேர் லவெல் என்ற அனிஷினாபே பெண் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1973-இல் தோற்றார். பிறகு 1985-இல் சி-31 என்ற சட்டத்திருத்தம் வந்து, இழந்தவர்கள் பலருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உரிமை திரும்பியது. சூ செயின்ட் மரி அருகே உள்ள பாட்சிவானா என்ற ஓஜிப்வே சமூகத்தில் அடுத்த ஆறே ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை 543-லிருந்து 1,426 ஆனது. 1991-இல் அவர்களில் 32.8 சதவீதம் பேர்தான் ரிசர்வில் இருந்தார்கள். அத்தனை குழந்தைகள் பிறந்ததால் வந்த கூடுதல் அல்ல இது. ஏற்கெனவே வளர்ந்து, நகரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் பெயர் சேர்க்கப்பட்டதால் வந்தது. 2011-இலும், 2019 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்த எஸ்-3 திருத்தத்துக்குப் பிறகும் இதே மாதிரி ஏற்றங்கள் வந்தன. பதிவேட்டு எண்களை வைத்து "ஆண்டு வளர்ச்சி விகிதம்" போடுபவர்கள் இந்த ஆண்டுகளைத் தனியாகப் பிரிக்காவிட்டால், ஊர் பல்கிப் பெருகுகிறது என்று தவறாக முடிவெடுப்பார்கள்.

கணக்கெடுப்பு மட்டும் குறையற்றதா என்றால் அதுவும் இல்லை. அது யாரை எங்கே எண்ணுகிறது என்ற விதி வயதுக்கு வயது வேறு மாதிரி வேலை செய்கிறது.

படிக்கப் போன பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல சின்ன ஊர்களில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் நகரத்தில் தங்கித்தான் படிக்க வேண்டும். கனடா விதிப்படி, ஆண்டில் ஒரு பகுதியாவது பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கும் மாணவர் பெற்றோர் வீட்டிலேயே எண்ணப்படுவார். ஆகவே 15 முதல் 19 வரை கணக்கில் இருப்பவர்களில் சிலர் செப்டம்பர் முதல் ஜூன் வரை ஊரில் இருக்கவே மாட்டார்கள். விளையாட்டு அரங்கம் கட்டக் கணக்குப் போடுபவர் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். 20 முதல் 29 வரை உண்மையாகவே ஒரு பள்ளம் தெரியும். அவர்கள் வெளியே சொந்தமாக வீடு எடுத்தவர்கள்.

முதியோர் இல்லத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவர் அந்த இல்லம் இருக்கும் நகரத்தில் எண்ணப்படுவார். சின்ன ஊரில் அப்படி ஓர் இல்லம் இருப்பது அரிது. அதனால் 75-க்கு மேற்பட்டோர் குறைவாகத் தெரிந்தால், அத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஆயுட்காலம் மற்ற கனடியர்களைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தின் ஒரு பகுதி கெனோராவிலோ தண்டர் பேயிலோ ஓர் இல்லத்தின் கட்டிலில் இருக்கிறது.

பராமரிப்பில் எடுக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள் வளரும் வீட்டில் எண்ணப்படுகிறார்கள். 2021-இல் கனடாவில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் உள்ள பிள்ளைகளிலோ 53.8 சதவீதம். முன்னூறு பேர் ஊரில் ஐந்து பிள்ளைகள் இப்படி வெளியே இருந்தாலே 5–9 வயதுப் பட்டை வெளிப்படையாகச் சுருங்கிவிடும்.

எதிர்ப்பக்கம், ஊரைச் சேராதவர்களும் எண்ணப்படுவார்கள்: மணமாகி வந்தவர், அங்கேயே குடியிருக்கும் ஆசிரியர், செவிலியர். தெற்கே ஜார்ஜினா தீவு மாதிரி ஏரிக்கரை நிலத்தைக் கோடை வீட்டுக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடும் ஊர்களில், ஓய்வு பெற்று நிரந்தரமாகத் தங்கிவிட்ட குத்தகைதாரர்கள் முதியோர் பங்கை உயர்த்திவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அட்டவணையில் மொத்தத் தனியார் வீடுகள் என்றும், வழக்கமாகக் குடியிருப்போர் உள்ள வீடுகள் என்றும் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அங்கே கோடை வீடுகள் இருக்கின்றன என்று அர்த்தம். உடனே, பூர்வகுடியினரா என்று கேட்கும் அடையாளக் கேள்வியின் அட்டவணைக்குப் போய், பூர்வகுடியினர் மட்டும் என்று வடிகட்டிய வயதுப் பிரிவை எடுங்கள்.

சில ஊர்களுக்கு எண்ணே இருக்காது. அனுமதி மறுக்கப்பட்டாலோ கணக்கெடுப்பு பாதியில் நின்றாலோ அந்த ரிசர்வ் 'முழுமையாக எண்ணப்படாதது' என்று குறிக்கப்படும். 2016-இல் இப்படி 14 இடங்கள். 2021-இல் கொரோனா, காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து 63. அந்தக் கட்டத்தில் உள்ள குறியைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு வளர்ச்சி விகிதம் போட்ட அறிக்கைகளைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது சிறிய எண்களின் தொல்லை. தனிநபர் அடையாளம் தெரியாமல் இருக்கக் கனடா புள்ளியியல் துறை வயது, பால் எண்களை ஐந்தின் மடங்காக மாற்றுகிறது, அதுவும் குலுக்கல் முறையில். உண்மையான எண் 7 என்றால் பத்தில் ஆறு முறை 5 என்றும், பத்தில் நான்கு முறை 10 என்றும் வரும். உண்மையில் 2 பேர் இருந்தால் 0 என்றோ 5 என்றோ வரலாம். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகக் குலுக்கப்படும், மொத்தமும் தனியாகக் குலுக்கப்படும். ஆகவே ஆண், பெண் கூட்டினால் மொத்தம் வராது. ஐந்தாண்டுப் பட்டைகளைக் கூட்டினால் 0–14 என்ற வரியில் உள்ள எண் வராது. அட்டவணையில் தப்பு இல்லை, அப்படித்தான் வரும். செய்யக்கூடாதது, 0–4, 5–9, 10–14 மூன்றையும் நீங்களாகக் கூட்டி 0–14 என்று போடுவது. மூன்று குலுக்கலின் பிழை சேர்ந்துவிடும். அட்டவணையே 0–14, 15–64, 65+ என்று தயாராகத் தருவதை எடுங்கள், அதில் ஒரே ஒரு குலுக்கல்தான். ஒரு நல்ல செய்தியும் உண்டு. மற்ற இடங்களில் நான்கில் ஒரு வீட்டுக்குத்தான் நீண்ட படிவம் போகும்; ரிசர்வுகளில் எல்லா வீட்டுக்கும் அதுதான். மொழி, கல்வி போன்ற விவரங்களில் மாதிரிப் பிழை என்ற கூடுதல் தலைவலி அந்த அளவுக்குக் குறைகிறது.

கணக்கு எப்படிப் போடுவது என்று ஒரு கற்பனை ஊரை வைத்துக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை; எந்த ஊருடையதும் அல்ல. மொத்தம் 300 பேர். 0–14 வயதில் 90, 15–24-இல் 50, 25–44-இல் 75, 45–64-இல் 60, 65-க்கு மேல் 25.

இடைநிலை வயது, அதாவது ஊரையே வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது: 150-ஆவது ஆள் எங்கே விழுகிறார் என்று பாருங்கள். முதல் இரண்டு பிரிவில் 140 பேர் முடிந்துவிட்டார்கள். இன்னும் 10 பேர் வேண்டும். அடுத்த பிரிவில் 75 பேர் 20 ஆண்டு அகலத்தில் பரவியிருக்கிறார்கள். 10-ஐ 75-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 2.7. இடைநிலை வயது ஏறக்குறைய 27 முதல் 28. தசமப் புள்ளியோடு எழுத வேண்டாம், குலுக்கலுக்குப் பிறகு அந்த அளவுத் துல்லியம் எண்ணில் இல்லை.

சார்பு விகிதம், அதாவது உழைக்கும் வயதினர் நூறு பேருக்குப் பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து எத்தனை பேர் என்பது: பிள்ளைகள் 90, முதியவர்கள் 25, சேர்த்து 115, உழைக்கும் வயதில் 185. நூறு பேருக்கு 62. கனடா முழுவதற்கும் 2021-இல் 0–14 வயதினர் 16.3 சதவீதம், 65-க்கு மேல் 19 சதவீதம், இடைப்பட்டோர் 64.8 சதவீதம். அங்கே நூறு பேருக்கு 54 அல்லது 55. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண் போலத் தெரிகிறது. பிரித்துப் பாருங்கள்: நம் கற்பனை ஊரில் அந்த 62-இல் 49 பிள்ளைகள், 13 முதியவர்கள். கனடாவில் 25 பிள்ளைகள், 29 முதியவர்கள். ஒன்றுக்குத் தேவை மழலையர் பள்ளி, மற்றதற்குத் தேவை முதியோர் பராமரிப்பு. ஒற்றை விகிதத்தை மட்டும் அறிக்கையில் போட்டால் இந்த வித்தியாசமே மறைந்துபோகும். என்னைக் கேட்டால் இந்த மாதிரி ஊர்களுக்கு மொத்தச் சார்பு விகிதத்தைத் தனியாக வெளியிடவே கூடாது.

இனி ஒரு குடும்பம் திரும்பி வருகிறது என்று வையுங்கள், பெற்றோர் இருவர், பிள்ளைகள் நால்வர். மொத்தம் 306, பிள்ளைகள் 94. பங்கு 30-லிருந்து 30.7 சதவீதம் ஆகிவிட்டது. இப்படி மூன்று குடும்பம் வந்தால் இரண்டு புள்ளி ஏறும். இரண்டு கணக்கெடுப்புக்கு இடையே இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து மக்கள்தொகைப் போக்கு என்று பேசுவதில் பொருள் இல்லை. முதலில் அந்த ஐந்தாண்டில் எத்தனை வீடு கட்டினார்கள் என்று ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். ரிசர்வில் வீடு காலி இருந்தால்தான் திரும்பி வர முடியும். வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல்தான் பல இடங்களில் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துகிறது. ஷோல் லேக் 40-இல் சாலை வந்ததும் கட்டுமானப் பொருளை லாரியிலேயே கொண்டுவர முடிந்தது. தண்ணீர் நிலையம் கட்டியதே அந்தச் சாலை இருந்ததால்தான்.

பிறப்பிலும் இதே சிக்கல். முன்னூறு பேர் ஊரில் ஆண்டுக்குச் சராசரி ஆறு பிறப்பு என்றால், ஓர் ஆண்டு மூன்றும் அடுத்த ஆண்டு எட்டும் வருவது தற்செயலே. பிறப்பு வீதத்தை ஆண்டுவாரியாக வரைபடமாகப் போடாமல் ஐந்தாண்டு கூட்டுத்தொகையை எடுங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் 0–4 வயதுப் பிள்ளைகளை 15–49 வயதுப் பெண்களால் வகுத்துப் பாருங்கள். ஆனால் மேலும் கீழும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது கணக்கெடுப்பிலிருந்தே வர வேண்டும். பதிவேட்டிலிருந்து பிள்ளைகளையும் கணக்கெடுப்பிலிருந்து பெண்களையும் எடுத்தால், முன்பு சொன்ன ஒடுங்கிய அடி அப்படியே உங்கள் விடைக்குள் நுழைந்துவிடும்.

எந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியல் என்பதும் சேர்த்துத் தெரிய வேண்டியது. பள்ளிக்கு இடம் எவ்வளவு என்றால், ரிசர்வில் குடியிருக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில் பெயர் பெயராக எண்ணும் பட்டியல் ஒன்று உண்டு. கல்வி நிதி அதை வைத்துத்தான் வருகிறது. அதுவே இருப்பதில் புதியது. அடுத்த நான்காண்டுச் சேர்க்கைக்கு இப்போது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைச் செவிலியர் நிலையத்தின் தடுப்பூசிப் பட்டியலோடு ஒத்துப்பார்க்கலாம், பெயர் கேட்காமல் எண்ணிக்கை மட்டும் கேட்டால் கொடுப்பார்கள். குடிநீர், வீடு, தீயணைப்பு என்றால் குடியிருப்போர் எண். தேர்தல் என்றால் 18 வயது நிறைந்த எல்லா உறுப்பினர்களும். பாட்சிவானா வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் வெளியே வாழ்பவர்களின் வாக்குரிமையை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்த பிறகு, ஊருக்குள் வாழும் வாக்காளர்கள் சிறுபான்மையாகிவிட்ட சமூகங்கள் பல.

ஒப்பந்தப் பணம் என்றால் பதிவேடு. மூன்றாம் ஒப்பந்தத்தில் தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர். இன்றைக்கும் அதே 5 டாலர்தான். இந்தப் பணம் கொடுத்த பட்டியல்களில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஆண், பெண், பிள்ளைகள் எத்தனை என்று எழுதியிருப்பதால், 19-ஆம் நூற்றாண்டின் வயது அமைப்பை அறிய அவைதான் கையில் உள்ள நல்ல மூலம். ஹூரான் ஏரியின் வடகரையில் உள்ள 21 சமூகங்களுக்கு, 1850-ஆம் ஆண்டு ராபின்சன் ஒப்பந்தப் பாக்கியாக 2023-இல் 1,000 கோடி டாலர் தீர்வு அறிவிக்கப்பட்டது. இம்மாதிரிப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது, 18 நிரம்பாதவர்கள் பங்கை எத்தனை ஆண்டு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது முழுக்க வயதுப் பட்டியல் சார்ந்த கணக்கு. அப்போதுதான் தாமதமாகப் பதிவான குழந்தைகள் பிரச்சினை திடீரென்று எல்லாருக்கும் முக்கியமாகிவிடும்.

நீங்கள் பார்க்கும் ஊர் எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில் என்றால் விதிகள் மாறும். மினசோட்டாவின் வடகிழக்கு மூலையில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் ஐந்நூறு, அறுநூறு பேர் வசிக்கும் ஓஜிப்வே ரிசர்வேஷன். அங்கே உறுப்பினர் பட்டியல் ரத்தப் பங்கை, அதாவது ஒருவரின் முன்னோரில் எத்தனை பங்கு அந்தச் சமூகத்தினர் என்பதை, வைத்து நடக்கிறது. ஆறு சமூகங்கள் சேர்ந்த மினசோட்டா சிப்பேவா அமைப்பு 1960-களின் தொடக்கத்திலிருந்து கால் பங்கு விதியை வைத்திருக்கிறது. அதைக் கைவிடலாம் என்று 2022-இல் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். கனடாவில் பார்த்த அதே ஒடுங்கிய அடியை இங்கே வேறு விதி உண்டாக்குகிறது. கணக்கெடுப்பிலும் குறை உண்டு. ரிசர்வேஷனில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடியினரில் 2020-இல் 5.64 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. கல்லூரியில் படிப்பவர் அங்கே கல்லூரி இருக்கும் ஊரில் எண்ணப்படுவார், பெற்றோர் வீட்டில் அல்ல. ஆகவே 18–22 வயதுப் பட்டையை எல்லையின் இரு பக்கத்து ஊர்களுக்கிடையே நேரடியாக ஒப்பிட வேண்டாம். 2020 முதல், தனிநபர் அடையாளம் தெரியாமல் இருக்க, சிறிய பகுதி எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்யப்படுகிறது, தனித்தனி வயதுக் கட்டங்கள் அதனால் நம்பத்தக்கவை அல்ல. ஐந்தாண்டு மதிப்பீட்டு அட்டவணைகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை எல்லை கொடுத்திருப்பார்கள். 75-க்கு மேல் 18 பேர், கூட்டல் கழித்தல் 15 என்று இருந்தால், அந்தப் பிரிவைத் தனியாகக் காட்டாமல் 65-க்கு மேல் என்ற பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.